அல்வா ஊரில் மாவுச்சத்தைக் குறைத்து வாழ்வது: இனிப்பு ஆசையோடு சில வருட அனுபவம்

திருநெல்வேலியை ஒட்டிய பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. முட்டை இருக்கிறது, தேங்காய் இருக்கிறது, தூத்துக்குடி மீன் காலையிலேயே வந்துவிடுகிறது. கஷ்டமெல்லாம் இனிப்பில்தான். விருந்தாளி வந்தால் அல்வா, பிள்ளை பாஸானால் அல்வா, வெளியூர்க்காரரைப் பார்க்கப் போனாலும் கையில் கால் கிலோ அல்வா. இந்த ஊரில் பசிக்காக யாரும் இனிப்புச் சாப்பிடுவதில்லை. நேரத்துக்காகவும் உறவுக்காகவும்தான் சாப்பிடுகிறோம். அதனால் இனிப்பு ஆசையைச் சமாளிக்க வழி சொல்பவர்கள் வயிற்றைப் பற்றி மட்டும் பேசினால் போதாது.

நான் பள்ளி ஆசிரியை. அப்பா, அம்மா இரண்டு பக்கமும் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு எனக்கு 5.7க்கும் 6.4க்கும் இடையில், அதாவது நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தபோது, "மாத்திரை இப்போ வேண்டாம், முதல்ல சாப்பாட்டை மாத்துங்க" என்றார் டாக்டர். அன்றிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேலாக இந்த முறையில்தான் சாப்பிடுகிறேன். சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி எல்லாம் என் தட்டில் இருந்து போய்விட்டன. வீட்டில் மற்றவர்களுக்கு அவற்றைச் சமைப்பதும் நான்தான். அந்த நிலையில் இருப்பவர்களுக்கு, முக்கியமாக வீட்டுக்கே சமைத்துக்கொண்டு தான் மட்டும் விலகியிருக்க வேண்டிய பெண்களுக்கு, இது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் சில வாரங்களில் வந்த ஆசை வேறு, பிறகு வந்த ஆசை வேறு. ஆரம்பத்தில் தலைவலி, சோர்வு, கை கால் அசதி. கூடவே எதையாவது இனிப்பாக வாயில் போடச் சொல்லும் மனசு. இதற்கு உடம்பில் காரணம் உண்டு. மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் அளவு இறங்குகிறது. அப்போது சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளுகிறது. இனிப்புக்காகத் தவிப்பது போலத் தெரிந்ததில் ஒரு பங்கு உப்புக்கான தவிப்பு என்றே எனக்குப் பட்டது. ஒரு டம்ளர் நீர்மோரில் உப்புக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, இஞ்சியும் கருவேப்பிலையும் தட்டிப்போட்டுக் குடித்தால் அரை மணி நேரத்தில் தலை தெளிந்துவிடும். எலும்பு சூப்பும் அதே வேலையைச் செய்தது. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

அந்த வாரங்கள் கடந்தபின் மிஞ்சியது நாலு மணி ஆசை. கடைசி மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் டீ வரும், கூடவே யாராவது வாங்கிவந்த பலகாரம். பசியே இல்லாத நாளிலும் நாக்கு அந்த நேரத்துக்குத் தயாராகிவிடும். கொஞ்ச நாள் கவனித்ததில் ஒன்று புரிந்தது. நாலு மணிக்கு எவ்வளவு தவிப்பேன் என்பது மதியச் சாப்பாட்டிலேயே முடிவாகிவிடுகிறது. வெறும் காய்கறிப் பொரியலும் தயிரும் மட்டும் கொண்டுபோன நாளில் தாங்க முடியாது. கொழுப்பும் புரதமும் நிறைவாக இருந்த நாளில் ஆசை எட்டிப் பார்த்துவிட்டு கால் மணி நேரத்தில் போய்விடும்.

இதில் என்னைக் காப்பாற்றியது நம்ம ஊர் சொதி. மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கிற அதே தேங்காய்ப்பால் சொதிதான், உருளைக்கிழங்கு மட்டும் கிடையாது. முருங்கைக்காய், பீன்ஸ், கத்தரிக்காய், பேருக்கு இரண்டு துண்டு கேரட். பாசிப்பருப்பைக் கைப்பிடிக்குக் கீழே குறைத்துக்கொள்வேன். காயை இரண்டாம் பாலில் வேகவைத்து, பருப்பையும் பச்சைமிளகாய், இஞ்சி விழுதையும் சேர்த்து, கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கி எலுமிச்சை பிழிவேன். சோற்றுக்குப் பதில் துருவி ஆவியில் வேகவைத்த காலிஃபிளவர், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் இரண்டு அவித்த முட்டையும். இஞ்சித் துவையலில் வழக்கமாகப் போடுகிற வெல்லத்தை விட்டுவிடுவேன். தேங்காய்ப்பாலுக்கே ஒரு மெல்லிய இனிப்பு உண்டு, அது நாக்கின் கணக்கைத் தீர்த்துவிடும். அதன் கொழுப்பு சாயங்காலம் வரை வயிற்றில் நிற்கும். சொதி வைத்த நாளில் ஆசிரியர் அறைப் பலகாரத் தட்டு என் கண்ணில் படுவதே இல்லை. உளுந்தம்பருப்புச் சோறு என் தட்டில் இருந்து போனாலும், அதோடு வரும் எள்ளுத் துவையலை மட்டும் விடவில்லை. கொத்தவரங்காய்ப் பொரியலோடும் பன்னீரோடும் அது நன்றாகவே சேர்கிறது.

தூக்கமும் இதில் சேர்த்தி. பரீட்சைத் தாள் திருத்துகிற நாட்களில் இரவு கண்விழித்தால், மறுநாள் சொதியே சாப்பிட்டாலும் இனிப்புக்கு மனசு அலையும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடுகிறது என்பதை உடம்பே சொல்லிவிட்டது.

சரி, மாற்று இனிப்புகள். சீனித்துளசிப் பொடி, சுக்ரலோஸ் மாத்திரை, எரித்ரிட்டால் எல்லாவற்றையும் நல்ல காலம் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ரத்தச் சர்க்கரையை இவை ஏற்றவில்லை, அதை மீட்டரில் பார்த்தேன். ஆனால் சில பொட்டலங்களில் இனிப்பூட்டி துளிதான், மீதி டெக்ஸ்ட்ரோஸோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ நிரப்பியிருப்பார்கள். இரண்டும் மாவுச்சத்துதான், பின்பக்க எழுத்தைப் படித்து வாங்க வேண்டும். என் முக்கியமான குறை வேறு. இவற்றைப் பயன்படுத்திய காலம் முழுவதும் நாக்கு இனிப்பை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. காப்பியில் ஒரு மாத்திரை இரண்டானது, ஆசை குறையவே இல்லை. மொத்தமாக நிறுத்திச் சில வாரம் ஆனபின்தான் பாலிலும் தேங்காயிலும் பாதாமிலும் இருக்கிற இனிப்பு தெரிய ஆரம்பித்தது. இந்த அனுபவத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். எடையைக் குறைக்கச் சீனித்துளசி, சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் சொன்னது (ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது).

சீனி சேர்க்காத அல்வா என்று விற்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். அல்வாவின் உடம்பே சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்தெடுத்த பால். அது பெரும்பாலும் ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. சீனியை எடுத்துவிட்டாலும் அது போகாது. என் மாதிரி ஆட்களுக்கு அது தீர்வே கிடையாது.

இதைவிட அதிகம் வாதாட வேண்டியிருந்தது கருப்பட்டிக்காக. என் அத்தை, அதாவது மாமியார், உடன்குடிப் பக்கம். "சீனிதாம்மா விஷம், கருப்பட்டி ஒண்ணும் செய்யாது" என்பது அவர்கள் உறுதி. கருப்பட்டி மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. பனையேறி உயிரைப் பணயம் வைத்து இறக்கும் பதநீரைக் காய்ச்சி எடுக்கிற பண்டம் அது, உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குச் சீனிக்குப் பதில் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ், சீனியில் இருக்கும் அதே பொருள். தாது உப்புகள் உண்டுதான். காப்பிக்குப் போடுகிற அளவில் அவை பெரிதாக எதுவும் சேர்க்காது. சீனிக் காப்பி ஒரு நாள், கருப்பட்டிக் காப்பி ஒரு நாள் குடித்து, ஒரு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. அத்தையிடம் அந்த எண்களைக் காட்டினேன். அவர்கள் நம்பிக்கை மாறவில்லை, ஆனால் எனக்கு வற்புறுத்திக் கொடுப்பதை விட்டுவிட்டார்கள்.

கருப்பட்டிக் காப்பியில் எனக்கு வேண்டியிருந்தது பாதி அந்த மணம்தான் என்பது பிறகு தெரிந்தது. இப்போது சுக்கு, மல்லி, மிளகு, ஒரு ஏலக்காய் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு ஸ்பூன் விட்டுக் குடிக்கிறேன். மழை நாளில் இதற்கு நிகர் கிடையாது. அத்தையும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள்.

மூலிகைகளில் சிறுகுறிஞ்சான் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலியில் படரும் கொடி, சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். இலையை மென்று நாக்கில் நன்றாகப் படவிட்டால், அதில் இருக்கும் ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் இடங்களை அடைத்துக்கொள்ளும். அதன்பின் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டது போல இருக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இது நிற்கிறது. கல்யாண வீட்டுக்குப் போகுமுன் மென்றுவிட்டுப் போயிருக்கிறேன். லட்டு வெறும் கடலைமாவு உருண்டையாகத் தெரிந்தது. நாட்டு மருந்துக் கடைப் பொடியும் வேலை செய்யும், நாக்கில் தடவ வேண்டும். கேப்சூலாக விழுங்கினால் நாக்குக்கு எந்தப் பலனும் இல்லை. கசப்பு கடுமை, அதனால் தினசரிக்குச் சரிப்படாது. சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு இது சர்க்கரையை மேலும் இறக்கக்கூடும், டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

தினசரிக்கு நெல்லிக்காய். பெரிய நெல்லி ஒன்றை உப்பில் தொட்டு மென்று, மேலே தண்ணீர் குடித்தால் தொண்டை வரை இனிக்கும். பள்ளிக்கூடத்து வாசலில் பாட்டியிடம் வாங்கித் தின்ற அதே நெல்லிதான். நாலு மணிக்கு எனக்கு இதைவிட நல்ல பண்டம் அமையவில்லை.

உறவுகள் விஷயத்தில் "நான் சாப்பிடுறதில்ல" என்று சொல்லவே கூடாது. கொடுப்பவர் முகம் வாடிவிடும், பிறகு அரை மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டும். கையில் வாங்கிக்கொண்டு, "பிள்ளைகளுக்குக் கொண்டுபோறேன் மைனி" என்றால் அவர்களே இன்னும் இரண்டு துண்டு சேர்த்துக் கட்டித் தருவார்கள். வகுப்பில் பிறந்தநாள் மிட்டாய் நீட்டுகிற பிள்ளையிடமும் வாங்கிக்கொண்டு வாழ்த்துச் சொல்வேன். சாயங்காலத்துக்குள் அது வேறொரு பிள்ளை கைக்குப் போய்விடும்.

வருஷத்தில் சில நாட்கள் சாப்பிடுகிறேன். பொங்கல், தீபாவளி, நெருங்கிய வீட்டுக் கல்யாணம், இவ்வளவுதான். முன்கூட்டியே முடிவு செய்த நாளாக இருக்க வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னத் துண்டு, அப்புறம் ஒரு நடை. மறுநாள், அதற்கடுத்த நாள் ஆசை மறுபடி தலைதூக்கும் என்று தெரிந்தே சாப்பிடுகிறேன். அதனால் இரண்டு விசேஷம் அடுத்தடுத்து வந்தால் ஒன்றை விட்டுவிடுவேன். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி டவுனுக்குப் போனால் ரத வீதியில் அல்வா வாசனையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். போகுமுன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவேன். கோடையில் நுங்கு உண்டு, பெரும்பாலும் தண்ணீர்தான். பதநீர் கிடையாது, அது இனிப்பைக் குடிப்பது. தை மாசப் பனங்கிழங்கில் நாரும் உண்டு, மாவும் உண்டு. அவித்து மிளகு, உப்புப் போட்டுப் பாதியோடு நிறுத்திக்கொள்வேன்.

செலவைப் பற்றியும் சொல்கிறேன். 100 கிராம் பாதாமில் நார் போக மாவுச்சத்து 10 கிராமுக்குள்தான், 200 கிராம் சோற்றிலோ 55 கிராமுக்கு மேல். ஆனால் தினமும் பாதாம் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அவித்த வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு, முட்டை, சாளை மீன், இவற்றை வைத்தே என் முக்கால்வாசி நாட்கள் ஓடுகின்றன. எச்பிஏ1சி 5.7க்குக் கீழே வந்து அங்கேயே நிற்கிறது. சிலருக்கு இந்த உணவில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஏறும் என்பதால் வருஷம் ஒருமுறை அதையும் பார்த்துவிடுகிறேன்.

மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைட் வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுக்கம், வேர்வை, படபடப்போடு இனிப்பைத் தேடினால் அதை ஆசை என்று அடக்கக் கூடாது. மீட்டரில் சர்க்கரை 70க்குக் கீழே போயிருந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸோ சீனியோ சாப்பிட்டு, 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஆபத்தான அளவுக்கு ஏறும் அபாயமும் உண்டு. அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டபின்தான் இந்த உணவைத் தொடங்க வேண்டும்.

எனக்கு இன்னும் சரியாக அமையாதது கார்த்திகை ஓலைக் கொழுக்கட்டை. பச்சரிசி மாவும் கருப்பட்டியும் போய்விட்டாலும், பனையோலையில் வெந்த வாசனைக்கு ஈடு வேறு எதிலும் இல்லை. பாதாம் மாவில் தேங்காய்த் துருவலும் சுக்கும் உப்பும் சேர்த்து ஓலையில் வைத்து அவித்தேன். மணம் அப்படியே வந்தது, ஆனால் பிடிப்பு இல்லாமல் உதிர்ந்துவிட்டது. இந்தக் கார்த்திகைக்கு எள்ளுப்பொடியும் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துப் பார்க்கப் போகிறேன். யாருக்காவது இது நன்றாக வந்திருந்தால் அளவைச் சொல்லுங்கள்.