ஜெர்மனியில் முதல் அறை: விடுதியா, வேகே என்னும் பகிர்ந்த வீடா, தனி வீடா?

அட்மிஷன் கடிதம் கைக்கு வந்ததும் எல்லாரும் வாடகையைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். ஜெர்மனியில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்ய விடுவார்களா? வாடகைக்குப் பிறகு கேட்க வேண்டியது இன்னொன்று: சரிப்படாவிட்டால் எத்தனை நாளில் கழன்றுகொள்ளலாம்? இந்த இரண்டையும் கேட்டு முடிக்கும்போது, மலிவு என்று நினைத்த அறை பல நேரம் பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

பதிவுக்குப் பெயர் ஆன்மெல்டுங். குடியேறி 2 வாரத்துக்குள் செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் போதாது; வீடு தந்தவர் கையெழுத்துப் போட்ட தனி உறுதிச்சீட்டு வேண்டும். வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங் என்று அதற்குப் பெயர். உச்சரிக்கப் பழகுவதற்குள் அந்த 2 வாரம் ஓடிவிடும். அதைத் தருவது வீடு தந்தவரின் சட்டக் கடமை. பதிவு முடிந்தால்தான் வரி எண் தபாலில் வரும், பல வங்கிகளில் கணக்கு ஓடும், விசா முடியுமுன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். "அறை உண்டு, ஆன்மெல்டுங் கிடையாது" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் எவ்வளவு அழகான அறையானாலும் அது ஓட்டல் அறைக்குச் சமம். குடியிருக்காத முகவரியைப் பதிவுக்காக விலைக்குத் தருகிறேன் என்று வருபவர்களிடம் நெருங்கவே வேண்டாம். அப்படி முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பொய்ப் பதிவு செய்தவரும் தப்ப முடியாது.

அடுத்தது பணம். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் குறித்த தொகையை மட்டும் எடுக்கக்கூடிய பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது. ஜெர்மன் மாணவர் உதவித்தொகையின் உச்ச வரம்பிலிருந்து எடுத்த தொகை அது. அந்தக் கணக்கில் வீட்டுக்கென்று அரசு ஒதுக்கியிருப்பது 380 யூரோ மட்டுமே. மருத்துவக் காப்பீட்டுக்கு 150 யூரோவை ஒட்டிப் போகும். மியூனிக்கில் பகிர்ந்த வீட்டின் ஒரு அறையே 700, 800 யூரோவைத் தொடுகிறது. கழித்துப் பாருங்கள்: சாப்பாட்டுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் 40 முதல் 140 யூரோதான் மிஞ்சும். கெம்னிட்ஸ், மக்டேபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் அந்த வாடகையில் பாதிகூட ஆகாது. அதனால் மியூனிக்கில் இருப்பவரின் அறிவுரையை மக்டேபுர்க் போகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

விடுதி

இங்கே சொல்வது ஸ்டுடீரெண்டன்வெர்க் நடத்தும் மாணவர் விடுதிகளை. இது பல்கலைக்கழகத்திலிருந்து தனியான அமைப்பு. அட்மிஷன் கிடைத்தால் அறையும் தானாகக் கிடைக்கும் என்ற நினைப்பில் பலர் இரண்டு மாதத்தைத் தொலைக்கிறார்கள். விண்ணப்பம் தனி, வரிசை தனி. சில ஊர்களில் அட்மிஷன் கடிதம் வருமுன்பே பெயர் கொடுக்கலாம். மியூனிக் போன்ற ஊர்களில் காத்திருப்பு பல செமஸ்டர் நீளும். வரிசையில் நிற்கிறோம் என்று குறித்த இடைவெளியில் உறுதிசெய்யச் சொல்லும் இடங்களும் உண்டு. அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்தால் இடம் போச்சு.

வாடகை பெரும்பாலும் 250 முதல் 400 யூரோவுக்குள். சூடேற்றல், தண்ணீர், மின்சாரம், இணையம் எல்லாம் பெரும்பாலும் அதிலேயே அடக்கம். கட்டில், மேசை, அலமாரி இருக்கும். உறுதிச்சீட்டுக்கு அலைய வேண்டியதில்லை, அலுவலகமே தரும். புதிதாக இறங்கும் ஆளுக்கு இதைவிடத் தலைவலி குறைந்த வழி கிடையாது.

சிக்கல் வெளியேறும்போதுதான். சாதாரண வாடகைச் சட்டத்தின் பல பாதுகாப்புகள் மாணவர் விடுதிக்குப் பொருந்தாது. ஒப்பந்தம் குறித்த காலத்துக்கு இருக்கும். மார்ச் 31, செப்டம்பர் 30 என்று செமஸ்டர் முடிவில்தான் விடுவார்கள் என்ற நிபந்தனையும் சகஜம். பிப்ரவரியில் வேறு ஊரில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் இரண்டு வாடகை கட்ட நேரிடும். அறையை இடைக்காலத்துக்கு உள்வாடகைக்கு விட அனுமதி உண்டா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள்.

இன்னொரு சின்னச் செலவு: ஒளிபரப்புக் கட்டணம். டிவியே இல்லாவிட்டாலும் ஒரு குடியிருப்புக்கு மாதம் 18.36 யூரோ. பொது நடைபாதையில் தன் கதவோடு இருக்கும் விடுதி அறை தனிக் குடியிருப்பாகக் கணக்காகும். முழுத் தொகையும் உங்கள் தலையில். நாலு பேர் பகிரும் வீட்டில் ஆளுக்கு 4.59. கடிதம் வந்ததும் குப்பையில் போடுபவர்களுக்கு நிலுவையும் அபராதக் கட்டணமும் சேர்ந்து மறுபடி வரும்.

விடுதிச் சமையலறையில் கடுகும் மிளகாயும் தாளிக்கும்போது ஒரு விஷயம். புகை கிளம்பினால் நடைபாதைக் கதவைத் திறந்து விடுவதுதான் கை போகும் முதல் வழி. அதுதான் தப்பு. பல கட்டடங்களில் நடைபாதையில் உள்ள புகை உணரும் கருவி நேரே தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும். வண்டி வந்தால் அதன் செலவு காரணமானவரிடம் கேட்கப்படலாம். அடுப்பை அணை, கதவைச் சாத்து, ஜன்னலை அகலத் திற. இந்த வரிசையில்.

வேகே

வீட்டைப் பகிர்ந்து வாழ்வதற்கு ஜெர்மனியில் வழங்கும் சுருக்கப் பெயர் வேகே. ஒரே சொல்லாக இருந்தாலும் இதற்குள் மூன்று வெவ்வேறு ஒப்பந்தங்கள் ஒளிந்திருக்கின்றன. எது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவதில்தான் பாதிச் சண்டைகள் பிறக்கின்றன.

முதல் வகை, எல்லாரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒருவர் வாடகை கட்டாமல் ஓடிவிட்டால் முழுத் தொகையையும் மற்றவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் வீட்டுக்காரர் கேட்கலாம். தனியாக விலகவும் முடியாது. மீதிப் பேரும் வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஒருவர் முதன்மை வாடகைதாரர், மற்றவர்கள் அவரிடம் உள்வாடகை. முதன்மையானவருக்கு ஹவுப்ட்மீட்டர், மற்றவருக்கு உண்டர்மீட்டர் என்று பெயர். மூன்றாவது, ஒவ்வோர் அறைக்கும் வீட்டுக்காரரோடு தனி ஒப்பந்தம். மூன்றாவது கிடைத்தால் யோசிக்காமல் பிடித்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் அதிகம் கிடைப்பது இரண்டாவது வகை. இதில் இரண்டைக் கேட்டே ஆக வேண்டும். வீட்டுக்காரர் உள்வாடகைக்கு அனுமதி கொடுத்திருக்கிறாரா? எழுத்தில் இருக்கிறதா? அனுமதி இல்லாவிட்டால் ஹவுப்ட்மீட்டரின் ஒப்பந்தத்தையே வீட்டுக்காரர் ரத்துசெய்யலாம். பின்னாலேயே நீங்களும் வெளியே. உறுதிச்சீட்டை ஹவுப்ட்மீட்டரே கையெழுத்திட்டுத் தரலாம் என்பது பலருக்குத் தெரியாது. "வீட்டுக்காரரைப் பிடிக்க முடியவில்லை, அதனால் ஆன்மெல்டுங் தாமதமாகும்" என்று சொன்னால் அது சாக்கு.

வெளியேறும் கணக்கு இங்கே கொஞ்சம் நுணுக்கமானது. காலவரை குறிக்காத ஒப்பந்தத்தில் பொதுவிதி மூன்று மாத நோட்டீஸ்: ஜனவரியின் 3-வது வேலை நாளுக்குள் கொடுத்தால் மார்ச் கடைசியில் முடியும். ஒரு நாள் தவறினால் ஒரு மாத வாடகை கூடுதல். ஹவுப்ட்மீட்டர் தானும் குடியிருக்கிற வீட்டில், அவர் சாமான்களோடு தந்த அறை என்றால் விதி வேறு: மாதம் 15-ஆம் தேதிக்குள் சொன்னால் அந்த மாதக் கடைசியிலேயே முடியும். வசதிதான், ஆனால் அதே இரண்டு வாரத்தில் அவரும் உங்களை அனுப்பலாம். நோட்டீஸ் காகிதத்தில், கையெழுத்தோடு போக வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னதும் மின்னஞ்சலில் அனுப்பியதும் செல்லாது. "மூன்று பேரைப் பதிலுக்குக் காட்டினால் உடனே விட்டுவிட வேண்டும்" என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. அப்படி ஒரு பொது உரிமை கிடையாது.

முன்பணம், அதாவது கௌட்ஸியோன், அதிகபட்சம் மூன்று மாதக் 'கால்ட்' வாடகை. சூடேற்றலும் இதரச் செலவுகளும் சேராத தொகை கால்ட்; சேர்ந்தது 'வார்ம்'. சட்டப்படி மூன்று தவணையாகக் கட்டலாம். வேகேயில் இந்தப் பணம் காலி செய்கிறவர் கைக்குப் போய், புதியவர் கையிலிருந்து வாங்கப்படுவது வழக்கம். அப்படியானால் அவர் ஏற்படுத்திய கீறலும் ஓட்டையும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். பணம் தரும் நாளன்றே அறையைப் படமெடுங்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இதரச் செலவுக் கணக்கு வருடம் முடிந்து 12 மாதம் வரைகூட வரலாம். நீங்கள் ஊர் மாறிப் போன பிறகு "சூடேற்றலுக்கு இன்னும் 140 யூரோ" என்று கடிதம் வந்தால் ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். விடுதியில் இந்தப் பின்தாக்கு அநேகமாக இருக்காது. ஒப்பீட்டில் பலரும் விட்டுவிடும் புள்ளி இது.

வேகேயில் இடம் பிடிப்பதே ஒரு நேர்காணல். வேகே-கெசுக்ட் தளத்தில் நல்ல அறைக்குக் குவியும் செய்திகளில் "ஹலோ, ஐ ஆம் இன்ட்ரஸ்டட்" என்பதை யாரும் திறக்கக்கூட மாட்டார்கள். ஏழெட்டு வரி ஜெர்மனில், விளம்பரத்தில் அவர்கள் எழுதிய ஏதாவது ஒன்றைத் தொட்டு எழுதுங்கள்: என்ன படிக்கிறீர்கள், எந்த நாளிலிருந்து எவ்வளவு காலம், சமையல், சுத்தம், விருந்தினர் பற்றி. வீடியோ அழைப்பில் பார்க்கச் சம்மதமா என்று கேளுங்கள். வாடகையைப் பகிர மட்டும் சேர்ந்த 'ட்ஸ்வெக்-வேகே' உண்டு. சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சினிமா பார்க்கும் வேகேயும் உண்டு. தனிமை பிடித்தவர் இரண்டாவதில் மாட்டினால் மூன்றே மாதத்தில் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போகும். மொழி பழக வேண்டுமென்றால் அந்த இரண்டாவதற்கு ஈடு எதுவும் இல்லை.

மோசடியின் முகம் எப்போதும் ஒன்றுதான்: நகர மையம், பளபளப்பான படங்கள், சந்தையில் பாதி வாடகை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார். முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்பார். நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது.

இடைக்கால உள்வாடகை

யாராவது ஒரு செமஸ்டர் வெளியூர் போகும்போது தன் அறையைச் சாமான்களோடு விட்டுப்போவது ட்ஸ்விஷன்மீட்டே. மூன்று மாதம், ஆறு மாதம். வந்து இறங்கும் ஆளுக்கு, ஆன்மெல்டுங் உண்டென்றால், இதுவே சரியான தொடக்கம் என்பது எங்கள் தீர்ப்பு. விடுதி வரிசை நகரும் வரை தலைக்கு மேல் கூரை, நேரில் போய் வேகே பார்க்க அவகாசம். பல ஊர்களில் விளம்பரங்கள் பிப்ரவரி, மார்ச்சிலும் ஜூலை, ஆகஸ்டிலும் குவியும். அக்டோபரில் தேடினால் ஊரே உங்களோடு சேர்ந்து தேடும்.

தனி வீடு

முதல் வருடத்தில் வேண்டாம். காரணம் வாடகை மட்டுமில்லை. வீட்டுக்காரர் கேட்பது: கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஷூஃபா என்னும் கடன் நம்பகச் சான்று, அல்லது ஜெர்மனியில் வருமானம் உள்ள ஒருவரின் பிணை. இன்று இறங்கியவரிடம் இதில் எதுவுமே இருக்காது. கிடைத்தாலும் பல வீடுகள் மொட்டையாகத்தான் வரும்: சமையலறையில் தண்ணீர்க் குழாயும் சுவரும் மட்டும், கூரையில் விளக்குக்குப் பதில் இரண்டு கம்பி. முந்தைய வாடகைதாரர் தன் சமையலறையை 'அப்லூஸெ' என்று ஒரு விலைக்கு விட்டுப்போவார். அந்தப் பழைய அடுப்புக்கு அவ்வளவு பெறுமானம் உண்டா என்று பார்த்துப் பேரம் பேசலாம். தரகர் கட்டணம் கேட்டால் மட்டும் நின்று யோசியுங்கள்: 2015 முதல் வாடகை வீட்டுக்குத் தரகரை அமர்த்தியவரே அவருக்குக் கொடுக்க வேண்டும்.

மின்சாரம் தனி ஒப்பந்தம். எதுவும் செய்யாவிட்டால் ஊரின் அடிப்படை வழங்குநர் தானாக ஏற்றுக்கொள்வார், பெரும்பாலும் கூடிய விலையில். இணைய ஒப்பந்தம் 24 மாதம் வரை கட்டிப்போடும். தொழில்நுட்பர் வரும் நாளில் அழைப்புமணியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவார்; அடுத்த தேதி சில வாரம் தள்ளி.

எங்கே போனாலும் மாறாத சில

சூடேற்றும் குமிழில் 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது. எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. காற்றுக்காக ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்து வைத்தால் சுவர் குளிர்ந்து மூலையில் கரும்பூஞ்சை பிடிக்கும். குமிழை மூடிவிட்டு ஜன்னலை 5 முதல் 10 நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை. பூஞ்சை வந்தால் முன்பணத்தில் கைவைப்பார்கள். விடுதியானாலும் வேகேயானாலும் இதில் வேறுபாடு கிடையாது.

பொறுப்புக் காப்பீடு ஒன்று எடுத்துவிடுங்கள். வாசல், நடைபாதை, அறை எல்லாம் ஒரே சாவியில் திறக்கும் கட்டடத்தில் அதைத் தொலைத்தால் முழுப் பூட்டு வரிசையையும் மாற்றும் செலவு உங்களிடம் வரலாம். காப்பீட்டில் சாவி இழப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். மேலே சொன்னவற்றில் விடுதியில்தான் இந்த ஆபத்து மிக அதிகம்.

குடியேறும் நாளில் முதல் வேலை பெட்டியைப் பிரிப்பது இல்லை, தபால் பெட்டியில் பெயர் ஒட்டுவது. ஜெர்மன் தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் வங்கியின் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பும். உள்வாடகையில் இருப்பவர் தன் பெயருக்குக் கீழே 'பை' (bei, இன்னார் வீட்டில் என்று பொருள்) என்று போட்டு ஹவுப்ட்மீட்டரின் பெயரையும் சேர்த்து முகவரி கொடுப்பது நல்லது. கடவுச்சீட்டில் இருக்கும் பெயரும் பெட்டியில் ஒட்டிய பெயரும் ஒன்றாக இருக்கட்டும். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால் கடிதங்கள் அப்பா பெயருக்கே வரும். அதையும் சேர்த்தே ஒட்டுங்கள்.