மறதிநோய்: புதிய மருந்தா, இரத்த அழுத்தக் கட்டுப்பாடா?

மறதிநோய் வகைகளுள் ஒன்றான அல்சைமர் உள்ளவர்களின் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றும் லெக்கனிமாப், 18 மாத ஆய்வில் நோயின் போக்கை 27 சதவீதம் மட்டுப்படுத்தியது. ஆனால் தொடக்க நிலையினருக்கே பொருந்தும் அம்மருந்தை இரு வாரங்களுக்கு ஒருமுறை சிரை வழியே ஏற்றி, மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ உண்டா என்று எம்.ஆர்.ஐ. எடுத்தும் பார்க்க வேண்டும்.

இரத்த நாளங்களைக் காப்பது மற்றொரு வழி. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மேல் அழுத்தத்தை 140க்குப் பதிலாக 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது (மறதிநோயே குறைந்ததென்று உறுதிப்படவில்லை).

முன்னது வந்த நோய்க்கு, பின்னது வருமுன் காப்பதற்கு. எனினும், 2021இல் சாமனப்பள்ளியில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கி, அழுத்த மாத்திரை வீட்டுக்கே வரும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பின்னதையே முதலில் வைப்பேன்.