ஓய்வுக்குப் பிறகு ஐந்து சென்ட்: பாலிஹவுஸா, நிழல்வலையா?

பணி ஓய்வு பெற்ற கையோடு, வந்த பி.எஃப். பணத்தில் பாலிஹவுஸ், அதாவது பிளாஸ்டிக் ஷீட் மூடிய பயிர்க் குடில், போட நினைப்பவர்கள் என் நட்பு வட்டத்திலேயே நாலைந்து பேர். நானும் 59 வயதில் திண்டுக்கல் பக்கம் ஐந்து சென்ட்டில் குடில் போட்டவன்தான். வீட்டுச் சமையலுக்குக் காய், கீரை வர வேண்டும். மிஞ்சியதை விற்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை என்றால் பாலிஹவுஸா, வெயிலை ஓரளவு மறைக்கும் வலை போர்த்திய நிழல்வலைக் குடிலா, எது பொருந்தும்?

முதலில் செலவு. ஐந்து சென்ட் என்பது சுமார் 200 சதுர மீட்டர். தேசியத் தோட்டக்கலை இயக்கத்தின் 2014 வழிகாட்டுதல், இரும்புக் குழாயில் அமைக்கும் சிறிய பாலிஹவுஸுக்குச் சதுர மீட்டருக்கு 1,060 ரூபாய், நிழல்வலைக் குடிலுக்கு 710 ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் பாதியை மானியமாக வைத்தது. அந்தக் கணக்கிலேயே ஒன்று 2,12,000, மற்றது 1,42,000. இன்றைய விலை கூடுதல். எழுபதாயிரம் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் பாலிஹவுஸின் 200 மைக்ரான் ஷீட்டை மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். முகடு 15 அடிக்கு மேல். அறுபதைத் தாண்டியவர் ஏறுகிற உயரமில்லை. ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும். வலையும் நைந்துபோகும், ஆனால் பத்தடிக் குடிலில் இரண்டு பேர் ஏணி வைத்துக் கட்டிவிடலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் வெக்கை. உள்ளே வந்த வெயிலின் சூட்டை ஷீட் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓசூர், தளி, கொடைக்கானல், ஊட்டி மாதிரிக் குளிர்ந்த ஊர்களில் அதுதான் வரம். ஓசூர்ப் பக்கத்து ரோஜாவும் குடைமிளகாயும் அப்படி வளர்ந்தவைதான். சமவெளியில் சித்திரை, வைகாசியில் உள்ளே கால் மணி நேரம் நின்றால் சட்டை நனைந்து தலை சுற்றும். பனிபோல் நீர் தெளிக்கும் ஃபாகர் வைக்கலாம். ஆனால் கிணறு இறங்கும் அதே மாதத்தில் அதற்கும் தண்ணீர் வேண்டும், கரண்ட்டும் வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற உடம்பை அந்தச் சூட்டுக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் நிழல்வலைக்குப் போனதற்கு இதுவே முதல் காரணம்.

நிழலில் பயிர் வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடிக்கால் போட்ட ஊர்தானே இது.

பாலிஹவுஸுக்கு உள்ள உண்மையான பலம் மழைத் தடுப்பு. ஐப்பசி அடைமழையிலும் இலை நனையாது, நோய் குறையும். பக்கவாட்டுப் பூச்சி வலையால் மருந்துச் செலவும் குறையும். ஆனால் அதே வலை தேனீயையும் நிறுத்திவிடும். பாகல், புடலை, பீர்க்கு வைத்தால் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். அதனால்தான் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகங்களை அங்கே வைக்கிறார்கள். மழை படாத மண்ணில் உப்பு தங்கும். ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்தால் வேர்முடிச்சு நூற்புழு பெருகும். நம் வீட்டுக்குத் தினம் வெள்ளரியும் குடைமிளகாயுமா வேண்டும்?

நிழல்வலைக்குள், வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத வலையில் கோடையிலும் கொத்தமல்லி வரும், அதற்கு நல்ல விலையும் உண்டு. சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். தக்காளி, மிளகாய்க்கு 35 சதவீதம் போதும். நிழல் கூடினால் செடி நெடுநெடுவென்று வளருமே தவிரக் காய்க்காது. என் முதல் ஆண்டுத் தக்காளியை அப்படித்தான் இழந்தேன். குறையும் உண்டு: மழை நேராக இறங்கும், வெள்ளை ஈ, இலைப்பேன் நுழையும். மேட்டுப்பாத்தியும் வேப்பெண்ணெய்க் கரைசலும் இல்லாமல் ஓட்ட முடியாது. ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் வலையை அவிழ்த்துச் சுருட்டிவிடலாம். டெல்டா, கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

மண்ணில்லா விவசாயத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் பெரும்பாலும் சத்துக் கரைசலை மோட்டார்தான் வேருக்கு ஓட்டும். அது நின்றால் சில மணி நேரத்தில் செடி வாடும், கரைசலைக் காலம் முழுக்க வாங்க வேண்டும். தற்சார்புக்கு அது சரிவராது.

மலையூரில் நிலம், கூட உழைக்க மகனோ மருமகளோ, குடைமிளகாய் வாங்க ஆள் — மூன்றும் இருந்தால் பாலிஹவுஸ் போடுங்கள். மற்றவர்கள் இரண்டரை சென்ட் வலையில் தொடங்கலாம். சிறு, குறு விவசாயிச் சான்று வாங்கினால் சொட்டுநீருக்குத் தமிழகத்தில் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. நாற்றுக்கான குழித்தட்டுகளை மட்டும் இடுப்பு உயர மேசையில் வையுங்கள். தரையில் வைத்துவிட்டு ஆறு மாதம் முதுகுவலியோடு குனிந்தவன் சொல்கிறேன்.