பெப்ரவரியில் எது தண்ணீர் தரும்?

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் ஜனவரி பிறந்தால் ஒரு பழக்கம் வந்துவிடும். விடிந்ததும் யாராவது ஒருவர் கீழே போய் நிலத்தடித் தாங்கியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். மோட்டர் போட்டு மேலே ஏற்றுகிற அளவுக்குத் தண்ணீர் வந்திருந்தால்தான் அன்றைக்குத் துணி தோய்க்கலாம். போன முறை குடியிருப்பாளர் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது ஆளுக்கொரு வழி சொன்னார்கள்: மலையில் இன்னொரு நீர்த்தேக்கம், கடல்நீரை நன்னீராக்குவது, கூரை மழையைப் பிடிப்பது, குழாய்க் கசிவை அடைப்பது. வீட்டுக்கு வந்து நான்கையும் ஒரே கேள்வியால் அளந்து பார்த்தேன். பெப்ரவரியில் அது என்ன தரும்?

கொழும்பில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. ஆனால் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் அது சுருங்கிவிடும், களனி கங்கையும் மெலிந்துவிடும். நமது குழாய்களில் வருவதில் பெரும்பங்கு அம்பத்தலேயில் அந்த ஆற்றிலிருந்து எடுக்கும் நீர்தான். மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி பள்ளமாகிவிட்டதால், நீரோட்டம் குறையும் நாட்களில் கடல் உப்பு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் உள்ளே ஏறி வருகிறது. பல வருடங்களாக, வறட்சி வரும்போதெல்லாம் ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கித்தான் உப்பைத் தடுத்தார்கள். நிரந்தரத் தடுப்பணை வேலை அதற்குப் பிறகுதான் எடுக்கப்பட்டது.

நீர்த்தேக்கம் பெப்ரவரிப் பரீட்சையில் நன்றாகவே தேறும். மழைக்காலத்து நீரைக் கோடைக்குச் சேர்த்து வைப்பதுதானே அதன் வேலை. 1886-இல் வெள்ளைக்காரர் கட்டிய லபுகம இன்றும் நமக்கு நீர் தருகிறது. மேட்டிலிருந்து தானாக இறங்கி வருவதால் மின்சாரச் செலவும் குறைவு. ஆனால் இன்று அப்படி ஒன்று கட்ட வேண்டுமானால் காடு போகும், தோட்டமும் வீடுகளும் போகும். களனியின் மேல்பகுதியில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் ஏற்கனவே இருக்கின்றன. அவை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. வறட்சியில் அங்கிருந்து எவ்வளவு திறந்துவிடுவது என்பதை மின்சாரத் துறையினரும் நீர் வழங்கல் சபையும் முன்கூட்டியே உறுதியாகப் பேசி வைத்தால், புதிய அணைக்கு முன்பே கொஞ்சம் பயன் கிடைக்கும்.

கடல்நீரைப் பற்றிக் கூட்டத்தில் மிக ஆர்வமாகப் பேசியவர் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர். தாளையடியில் 2024-இல் திறந்த நிலையத்தால் நாளுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தர முடியும். அங்கே அது நியாயமான தெரிவு. குடாநாட்டில் ஆறு இல்லை, சுண்ணக்கல் நிலத்தடி நீரையும் உரமும் கழிவும் கெடுத்துவிட்டன. கொழும்பு நிலைமை வேறு. கடல்நீரை நன்னீராக்க ஒரு யூனிட் தண்ணீருக்கு, அதாவது ஆயிரம் லீற்றருக்கு, மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்த நாட்களை நான் மறக்கவில்லை. குடிநீரையும் அப்படி ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட எனக்கு மனம் இல்லை. வேறு வழியே இல்லாத அன்றைக்குப் பார்க்கலாம்.

மழைநீர்த் தாங்கி என் மனதுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கணக்கு இடிக்கிறது. 100 சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு விழும் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் ஏறக்குறைய 190,000 லீற்றர். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா? 70 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஒரு பெப்ரவரியில் அதே கூரை தருவது 5,600 லீற்றர்தான். அதுவும் எங்களைப் போல ஒரே கூரையின் கீழ் பல வீடுகள் என்றால் பங்கு இன்னும் சிறுக்கும். மலசலகூடத்துக்கும் தரை கழுவவும் அதைத் தனிக்குழாயில் விட்டால் மற்ற மாதங்களில் ஆற்றின் சுமை குறையும், தெரு வெள்ளமும் கொஞ்சம் தணியும். அதற்காகவே செய்ய வேண்டும். வறட்சிக்கு மருந்தாக அதை நம்பக்கூடாது.

அப்புறம் கசிவு. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு 2012-இல் திருத்த வேலை தொடங்கியபோது, கொழும்பு நகருக்குள் விடப்பட்ட நீரில் ஏறத்தாழ பாதிக்கு வருமானக் கணக்கே இல்லை. நூறு வருடம் தாண்டிய வார்ப்பிரும்புக் குழாய்கள், களவு இணைப்புகள், ஓடாத மீற்றர்கள், இலவசப் பொதுக் குழாய்கள் எல்லாம் அதில் அடங்கும். குழாய் மாற்ற மாற்ற அந்த அளவு குறைந்து வருகிறது. ஊர் தூங்கும் நேரத்தில் ஒரு பகுதிக்குள் போகும் நீரை அளப்பார்கள். யாரும் குழாய் திறக்காத இரண்டு மணிக்கும் நீர் ஓடிக்கொண்டே இருந்தால் அங்கே எங்கோ உடைப்பு. அப்படிக் காப்பாற்றும் ஒவ்வொரு லீற்றரும் ஏற்கனவே சுத்திகரித்து, மின்சாரம் செலவழித்து ஏற்றிய லீற்றர். பெப்ரவரியிலும் குறையாது, ஒரு மரமும் வெட்டத் தேவையில்லை. என் கையில் பணம் இருந்தால் முதல் ரூபாய் இங்கேதான் போகும். மற்ற மூன்றும் கொண்டுவரும் நீரும் இதே குழாய்கள் வழியாகத்தானே வரவேண்டும்?

விலையை ஏற்றினால் பாவனை தானாகக் குறையும் என்பாரும் உண்டு. 2022-இலும் 2023-இலும் கட்டணம் ஏறியது. யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடுவதுதான் நமது கட்டண முறை. கொட்டாஞ்சேனையில் ஒரே மீற்றரில் மூன்று குடும்பம் இருந்தால் என்ன ஆகும்? ஆளுக்குக் குறைவாகப் பாவித்தும் மேல் படியின் விலையைக் கட்டுவார்கள். ஏற்றுவதென்றால் அவர்களுக்குத் தனித்தனி மீற்றர் கொடுத்துவிட்டு ஏற்றட்டும்.

எங்கள் கட்டடத்தில் இரண்டு வேலை முடிவாகியிருக்கிறது. மேல் தாங்கி நிரம்பி வழியாமல் மிதவை வால்வு மாற்றுவது ஒன்று. எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு ஓர் இரவு மீற்றர் முள் அசைகிறதா என்று பார்ப்பது மற்றது. சனிக்கிழமை இரவு பார்க்கிறோம்.