40 ரூபாய் விதைப் பொட்டலமும் மாலையிலிருந்து உதிர்த்த விதையும்

மதுரையில் நான் வழக்கமாகச் செல்லும் விதைக் கடையில் சென்ற ஆனி மாதம் 40 ரூபாய்க்கு வாங்கிய வாடாமல்லி விதையைப் பற்றியது இந்த மதிப்பீடு. பொட்டலத்தின் மேல் ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்று நிறப் பூக்களின் படமும், ‘50 விதைகள், கலப்பு நிறம்’ என்ற குறிப்பும் இருந்தன. பின்புறத்தில் ‘மணமிக்க மலர்’ என்றும் அச்சிட்டிருந்தார்கள். வாடாமல்லிக்கு மணம் கிடையாது. பெயரில் உள்ள மல்லியை நம்பி எவரோ எழுதிவிட்டார் போலும்; 2013-இல் தன் மல்லிகைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரில் இப்படியொரு பொட்டலம் விற்பனைக்கு இருப்பது வேடிக்கைதான்.

விதைகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த தட்டில் மெல்லிய மண் போர்வையிட்டு விதைத்தேன். இரண்டு வாரம் காத்திருந்தும் 50-இல் 17 மட்டுமே முளைத்தன. என் கைப்பக்குவத்தில்தான் குறையோ என்று பார்ப்பதற்காக, சித்திரைத் திருவிழாவின்போது மாட்டுத்தாவணி பூச்சந்தையில் வாங்கி, வாசல் ஆணியிலேயே காய்ந்து தொங்கிய மாலையிலிருந்து நன்கு முற்றிய பூக்களை உதிர்த்து, அதே நாளில் பக்கத்துத் தட்டில் அதே முறையில் 50 விதைகளை விதைத்திருந்தேன். அவற்றில் 38 முளைத்தன.

வேறுபாட்டின் காரணம் விதையைக் கையில் வைத்துத் தேய்த்தபோது புலப்பட்டது. வாடாமல்லியின் ஒவ்வொரு விதையும் பஞ்சு போன்ற உறைக்குள் ஒளிந்திருக்கும். உறையைப் பார்த்து எண்ணினால் உள்ளே மணி இருக்கிறதா, வெறும் பதரா என்று தெரியாது. மாலைப் பூவை நான் உள்ளங்கையில் கசக்கி, பழுப்பு மணி தட்டுப்பட்டவற்றை மட்டும் எடுத்திருந்தேன். பொட்டலத்தில் இருந்தவற்றையோ பஞ்சோடு அப்படியே விதைத்திருந்தேன். மீதி முளைக்காதவற்றைத் தோண்டிப் பார்த்தபோது பெரும்பாலானவை பதராகவே இருந்தன. பதரையும் சேர்த்து எண்ணி 50 என்று விற்பதே இந்தப் பொருளின் பெருங்குறை. பொட்டலத்தில் முளைப்புத் திறனும் சோதித்த நாளும் குறிப்பிடப்படவில்லை என்பதை வாங்கும்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

கடைக்காரரிடம் முறையிட்டபோது, மழைக்காலத்தில் அப்படித்தான் ஆகும் என்றார். ஆனியில் மதுரையில் எந்த மழை என்று நான் கேட்கவில்லை. ஆயினும் அவர் மரியாதையாகப் பேசி, அடுத்த வாங்கலில் 20 ரூபாய் குறைத்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

முளைத்த பிறகு இரு தட்டுச் செடிகளுக்கும் இடையே வேறுபாடு எதுவும் தெரியவில்லை. செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்பிய 12 அங்குலப் பைகளில் நட்டு, நாள் முழுதும் வெயில் படும் மாடியில் வைத்து, அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன். அதனால் பக்கக் கிளைகள் பெருகின. எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரையும் செடி பொறுத்துக்கொண்டது. பையில் நீர் தேங்கியபோதுதான் இரண்டு செடிகள் வேரழுகிச் செத்தன. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் போதுமானதாக இருந்தது. புரட்டாசியில், சரஸ்வதி பூசைக்கு வெளியில் பூ வாங்காத அளவுக்குப் பூத்தது. நாம் பூ என்று பார்க்கும் நிறமெல்லாம் உண்மையில் காகிதம் போன்ற செதில்களே. உண்மையான பூக்கள் அவற்றினிடையே வெளிறிய சிறு புள்ளிகளாகத் தலைநீட்டும். செதிலில் ஈரம் குறைவு என்பதால்தான் பறித்தபின்னும் நிறம் மங்குவதில்லை.

நிறத்திலும் பொட்டலம் ஏமாற்றியது: பிழைத்தவற்றில் 13 ஊதா, 2 இளஞ்சிவப்பு, வெள்ளை ஒன்றுகூட இல்லை. வெள்ளைதான் வேண்டும் என்பவர்கள், அழகர்கோவில் சாலையோர நாற்றங்கால்களில் பூத்த நிலையில் நாற்றைக் கண்ணால் பார்த்து வாங்குவது நல்லது. ஊதா போதும் என்பவர்களுக்கு இந்தப் பொட்டலம் தேவையே இல்லை. ஒரு முழம் பழைய மாலை போதும். அந்த 2 இளஞ்சிவப்புச் செடிகளின் பூக்களைப் பறிக்காமல், அடிச்செதில்கள் பழுப்பேறும்வரை செடியிலேயே விட்டிருக்கிறேன். வரும் ஆனியில் அந்தக் கடைக்கு நார்க்கழிவுக் கட்டி வாங்க மட்டுமே போவேன். அது மட்டும் அங்கே உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.