சேலத்துக் கரட்டு மண்ணில் சோலார் கேபிள்: நேரடியாகப் புதைப்பதா, குழாயில் இழுப்பதா, கான்கிரீட் டிரெஞ்சில் இடுவதா?

சேலம் மாவட்டத்தில் சோலார் மின் நிலையம் அமைக்க முன்வருவோர் பேனலையும் இன்வெர்ட்டரையும் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் அலைகிறார்கள். மண்ணுக்குள் போகும் கேபிளை எப்படி இடுவது என்பதை மட்டும் ஒப்பந்தக்காரர் சொல்லும் மீட்டர் விலைக்கு விட்டுவிடுகிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டிய ஒரு நிலையத்தில், மூடிய பிறகு கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாத பகுதி அதுவே என்பதால் இந்த அலட்சியம் எனக்குக் கவலை அளிக்கிறது. ஆர்மர்டு கேபிளை, அதாவது உலோகக் கவசமிட்ட கேபிளை, மண்ணில் நேரடியாகப் புதைக்கலாம். இரட்டைச் சுவர் ஹெச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாயைப் பதித்து அதற்குள் இழுக்கலாம். மூடி போட்ட கான்கிரீட் டிரெஞ்சில் இடலாம். எந்த மண்ணில் எது பொருந்தும் என்பதே கேள்வி.

முதலில் ஆழம். கேபிள் பதிப்புக்கான இந்தியத் தரநூலான ஐ.எஸ். 1255 தாழ்வழுத்தக் கேபிளுக்கு 75 செ.மீ., 11 கிலோவோல்ட் வரை 90 செ.மீ., 33 கிலோவோல்ட்டுக்கு 1.05 மீட்டர், சாலையைக் கடக்கும் இடத்தில் 1 மீட்டர் என்று ஆழத்தை மின்னழுத்தத்தை ஒட்டியே வகுக்கிறது. அது 1983இல் வெளியான நூல்; இன்று பெரிய நிலையங்களில் ஓடும் 1500 வோல்ட் டி.சி.யை (நேர்மின்னோட்டத்தை) மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. ஆகவே பேனல் வரிசைகளின் மின்சாரத்தைத் திரட்டி இன்வெர்ட்டருக்குக் கொண்டுசெல்லும் டி.சி. மெயின் கேபிளுக்கு 75 செ.மீ. என்பதைக் கீழ் எல்லையாகக் கொண்டு, மண் இடம் கொடுத்தால் 90 செ.மீ. வரை செல்வதே முறை என்பேன். அமெரிக்க மின் விதிநூல் வேறு வழியில் போகிறது: தாழ்வழுத்தத்தில் நேரடிப் புதைப்புக்கு 24 அங்குலம், பி.வி.சி. குழாய்க்கு 18, கனத்த உலோகக் குழாய்க்கு 6 என்று பாதுகாப்பின் உறுதிக்கேற்ப ஆழத்தைக் குறைக்கிறது. பாறை குறுக்கிட்டால் குழாயின் மேல் குறைந்தது 2 அங்குலக் கான்கிரீட்டைப் பாறையைத் தொடும்வரை இடச் சொல்கிறது. அந்த நூல் இங்கே செல்லுபடியாகாது. ஆனால் ஒரு முழம் தோண்டியதும் கம்ப்ரஸர் கொண்டு உடைக்க வேண்டிய நம் கரட்டு நிலங்களில், தேவையான ஆழம் கிடைக்காத துண்டுப் பகுதிகளுக்கு இந்த முறையை வடிவமைப்பாளர் முன்கூட்டியே வரைபடத்தில் காட்டி, மின் ஆய்வுத் துறையிடம் ஒப்புதல் பெற்றுச் செய்வது நல்லது. பாறை கண்ட இடத்தில் கேபிளை மேலே தூக்கி மண்ணை மூடிவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தீர்வு.

நேரடிப் புதைப்புக்கும் குழாய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு வெப்பத்தில் இருக்கிறது. எக்ஸ்.எல்.பி.இ. என்ற பிளாஸ்டிக் காப்பிட்ட கேபிளின் கடத்தி 90 டிகிரி வரை தாங்கும். அந்த வெப்பம் வெளியேற மண் வழிவிட வேண்டும். நேரடியாகப் புதைத்த கேபிளைச் சுற்றி மண் ஒட்டிக்கிடக்கிறது. குழாய்க்குள்ளோ இடையில் காற்று நிற்பதால் அதே கேபிள் தாங்கும் மின்னோட்டம் குறைகிறது. எந்தக் கேபிள் எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று சொல்லும் நம் அட்டவணைகள் மண்ணின் வெப்பநிலை 30 டிகிரி, வெப்பத் தடை 150 டிகிரி செ.மீ./வாட் என்ற கணக்கில் அமைந்தவை. சித்திரை வெயிலில் ஈரம் வற்றிய சரளை மண் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். எல்லாச் சர்க்யூட்களும் உச்சி வேளையில் ஒருசேர முழுச்சுமை ஏந்துவது சோலாரின் இயல்பு என்பதால், பல கேபிள்களை ஒரே பள்ளத்தில் நெருக்கிப் போட்டுவிட்டு அட்டவணை எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. இரவில் சுமை இறங்குவது ஓரளவு ஆறுதல்தான். அதை நம்பிக் கேபிள் அளவைக் குறைக்கக் கூடாது. இங்கே சேலத்துக்கு ஒரு நன்மை உண்டு: கல் உடைக்கும் கிரஷரிலிருந்து வரும் தூளும் சிறுமணலும் கலந்த கல்தூளைச் சலித்து, கூரான சில்லுகளை நீக்கி, கேபிளைச் சுற்றி இட்டு நன்றாக இறுக்கினால், காய்ந்த பிறகும் அது ஒரே சீரான மணிகளைக் கொண்ட ஆற்று மணலைவிட வெப்பத்தை நன்றாகக் கடத்தும்.

தண்ணீர் என்று வந்தால் சேர்வராயன் மலைச் சரிவு தனிக் கவனம் கேட்கிறது. சரிவில் பதித்த குழாய், வாய் அடைக்கப்படாவிட்டால், மழைநீரை மேலிருந்து வாங்கிக் கீழே உள்ள இன்வெர்ட்டர் அறைக்கே கொண்டுவந்து சேர்க்கும் மடையாகிவிடும். ஐப்பசி மழைக்குப் பிறகு விடியற்காலையில் இன்வெர்ட்டர் இன்சுலேஷன் குறைவு என்று காட்டித் தொடங்க மறுப்பதும், வெயிலேறி ஈரம் உலர்ந்ததும் தானே ஓடத் தொடங்குவதும் பராமரிப்பாளர்கள் நன்கு அறிந்தவை. தானே சரியானதால் அதை விட்டுவிடுவது ஆபத்து, ஏனெனில் கேபிள் உறையிலோ இணைப்பிலோ எங்கோ ஈரம் புக வழி இருக்கிறது என்பதையே அது பெரும்பாலும் சொல்கிறது. நேரடிப் புதைப்பில் இந்த மடைத் தொல்லை இல்லை. ஆனால் அரிப்பில் மண் கரைந்து கேபிள் வெளியே தெரியும் இடங்கள் உண்டு. ஆகவே சரிவில் குழாய்தான் என் தேர்வு, இரு முனையும் சீல் செய்து, நீர் வடிய வழி வைத்து, இடையிடையே கேபிளை இழுக்க உதவும் இழுப்புக் குழி அமைத்து.

இடி மிகுந்த மலைப்பகுதியில் பிளஸ், மைனஸ் கேபிள்களைத் தள்ளித் தள்ளி இடக் கூடாது. இடையில் உருவாகும் வளையம் பெரிதாகும் அளவுக்கு மின்னலின் தூண்டல் அழுத்தமும் பெரிதாகும். தனித்தனிக் குழாயில் இட்டாலும் இரண்டையும் ஒட்டியே செலுத்த வேண்டும். பேனலிலிருந்து வரும் மெல்லிய சோலார் கேபிள் வெயிலைத் தாங்கவென்று செய்யப்பட்டது. அதற்குக் கவசம் கிடையாது. அதை வெறுமனே மண்ணில் புதைப்பதை நான் ஏற்கமாட்டேன். மண்ணுக்குள் இறங்கும் இடத்திலெல்லாம் அதற்குக் குழாய் கட்டாயம்.

கான்கிரீட் டிரெஞ்ச் செலவு மிகுந்தது. இன்வெர்ட்டர் அறை, டிரான்ஸ்ஃபார்மர் மேடை ஆகியவற்றைச் சுற்றி, கேபிள் நெரிசலாகச் சேர்ந்து அடிக்கடி திறந்து பார்க்க வேண்டிய சில மீட்டர்களுக்கு மட்டும் அது தகும். எலியும் பாம்பும் குடியேறாதபடி மூடிகளை இறுக்கிப் பொருத்த வேண்டும்.

சமவெளியில் நீளமான டி.சி. மெயினுக்கும் 33 கிலோவோல்ட் கேபிளுக்கும் நேரடிப் புதைப்பையே பரிந்துரைப்பேன். வண்டித்தடம், ஓடை, சரிவு ஆகியவற்றில் குழாய். எந்த முறையானாலும் கேபிளுக்கு மேல் செங்கல் அல்லது ஸ்லாப், அதற்கும் மேல் எச்சரிக்கை டேப், தரையில் கேபிள் செல்லும் பாதையைக் காட்டும் வழிக்கல் வேண்டும். வெயில் இருக்கும் நேரமெல்லாம் பேனல் பக்கக் கேபிளில் மின்சாரம் இருக்கும், மெயினை அணைத்தாலும் அது நிற்காது, டி.சி. தீப்பொறி எளிதில் அணையவும் செய்யாது. பக்கத்துக் காட்டுக்குச் சொட்டுநீர்க் குழாய் பதிக்க ஜேசிபியோடு வருபவருக்கு இவை எதுவும் தெரிந்திருக்காது. அவர் பள்ளம் பறிக்கும் முன் கேட்டதும் காட்டும்படி, உள்ளது உள்ளபடி வரைந்த கேபிள் வரைபடம் நிலையத்தின் வாயிற்காவலரிடம் இருக்க வேண்டும்.