பொம்பேய்: அருங்காட்சியகமா, இடிபாடுகளா?

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ரோமானிய நகரமான பொம்பேயைப் பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், இத்தாலியின் நேபிள்ஸில் இறங்கியதும் குழப்பம் வரும். நகருக்குள் இருக்கும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகமா, ரயிலேறிப் போய்ப் பார்க்கும் பொம்பேயா?

பொம்பேயில் கிடைப்பது ஊர். சுமார் 66 ஹெக்டேர். மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை. தெருக்கற்களில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடம், கால் நனையாமல் தெருவைத் தாண்ட மேடான கற்கள், சாப்பாட்டுக் கடை மேடையில் பானை பதித்த குழிகள். சாம்பலுக்குள் உடல்கள் மக்கி உண்டான வெற்றிடத்தில் சாந்து ஊற்றி, 1863இல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி எடுக்கத் தொடங்கிய வார்ப்புகளும் இங்கே உண்டு. ஆனால் வீடுகள் பெரும்பாலும் காலி. நிழலும் குறைவு, ஜூலை வெயிலில் வரலாறு மறந்துபோய் தண்ணீர்க் குழாய்தான் கண்ணில் படும்.

அந்த வீடுகளின் நல்ல சாமான்களில் பெரும்பகுதி நேபிள்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அலெக்சாண்டர் போரிடுவதைச் சிறு கற்களால் பதித்துக் காட்டும் அலெக்சாண்டர் மொசைக்கின் அசல் அங்கே; பொம்பேய் வீட்டுத் தரையில் இருப்பது நகல். துண்டு போடக் கீறிய கோடுகளோடு கரியாகிப்போன ரொட்டியைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். 1938இல் பொம்பேயில் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பத்தை நம்மவர்கள் தவறவிடக் கூடாது.

வயதானவர்கள் கூட வந்தால் அருங்காட்சியகம். மற்றபடி என் ஓட்டு பொம்பேய்க்கே. செவ்வாய்க்கிழமை என்றால் யோசிக்கவே வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு அன்று வார விடுமுறை.